வீட்டில் ஒருவர் கஞ்சாவில் சிக்கியிருந்தால்: ஓ.பி. சீட்டு வரையும் அதற்கு அப்புறமும்

எங்கள் வீட்டில் முதலில் கண்ணில் பட்டது கல்யாணப் பத்திரிகைகள். டிவி ஸ்டாண்டுக்குக் கீழே அம்மா சேர்த்து வைத்திருந்த பத்திரிகைகளில் ஏழெட்டின் ஓரம் மட்டும் விரல் அகலத்துக்கு நறுக்கப்பட்டிருந்தது. எலி கடித்திருக்கும் என்றார் அம்மா. எந்த எலி நேர்கோட்டில் கடிக்கும்? கஞ்சா சுருட்டும்போது வாய் வைக்கிற முனையில் கெட்டி அட்டையை உருட்டிச் செருகுவார்கள் என்பது எனக்கு ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அந்த ஆறு மாதமும் தம்பிக்குக் காதல் தோல்வி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் டாக்டர் இல்லை. தம்பியைக் கூட்டிக்கொண்டு அலைந்த அக்கா. அலைந்ததில் பாதி தேவையில்லாத அலைச்சல். அது உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை வரிசையாக எழுதுகிறேன். நீங்களே கஞ்சா அடிப்பவராக இருந்து, விட நினைத்து இதைப் படித்தாலும் இதே வழிதான். 'தம்பி' என்று வரும் இடத்தில் உங்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு வாக்குவாதத்தை முடித்துவிடுவோம்

"கஞ்சாவுக்கு யாரும் அடிமையாக மாட்டாங்க, அது மூலிகை, சாமியாருங்களே அடிக்கிறாங்க." இதை எல்லா வீட்டிலும் கேட்கலாம். பாதி உண்மை என்பதால்தான் இது இவ்வளவு நாள் நிற்கிறது. அடிக்கிற எல்லோரும் அடிமையாவதில்லை. ஆராய்ச்சியாளர்கள் வெகுகாலமாகச் சொல்லிவரும் கணக்கு, ஏறக்குறைய பத்தில் ஒருவர். ஆனால் பதின்ம வயதில் தொடங்கியவர்களில் அது ஆறில் ஒருவர். தினமும் அடிப்பவர்களிடம் இன்னும் அதிகம். மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளியான ஆய்வு, இந்தியாவில் கஞ்சா வகைப் பொருள்களால் சிக்கலுக்குள்ளாகி உதவி தேவைப்படுகிறவர்கள் சுமார் 72 லட்சம் பேர் என்றது. ஆகவே உங்கள் வீட்டில் மட்டும் நடந்த அதிசயம் இல்லை இது. வளர்ப்பு சரியில்லை என்று அம்மாவைக் குற்றம் சொல்வதையும் இந்த இடத்திலேயே நிறுத்திவிடலாம்.

அடையாளம் காண்பது

சிவந்த கண், ஒரு மாதிரிப் பச்சிலை கருகிய வாடை, கண்ணுக்கு விடும் சொட்டு மருந்து பாட்டில், திடீரென்று அதிகமாகும் சென்ட், மேசை டிராயரில் மெல்லிய தாள் கட்டு, உள்ளே புகையிலை உதறப்பட்ட வெறும் சிகரெட் குழல். இதெல்லாம் ஒருவர் கஞ்சா அடிக்கிறார் என்று மட்டுமே காட்டும். அடிமையாகிவிட்டாரா என்பது வேறு கேள்வி. அதற்கான விடை டிராயரில் இருக்காது, அவருடைய நாள் எப்படிப் போகிறது என்பதில்தான் இருக்கும்.

மனநல மருத்துவர்கள் இதற்குப் பதினோரு அறிகுறிகள் வைத்திருக்கிறார்கள். அவற்றை வீட்டு மொழியில் சொன்னால் இப்படி இருக்கும். நினைத்ததைவிட அதிகமாக, நினைத்ததைவிட நிறைய நாள் அடிக்கிறாரா? "இந்த வாரத்தோட சரி" என்று சொல்லிச் சொல்லி முடியாமல் போகிறதா? பொருள் வாங்கவும் அடிக்கவும் தெளியவுமே பாதி நாள் போகிறதா? அடிக்காதபோதும் மனம் அதையே சுற்றுகிறதா? கல்லூரி, வேலை, வீட்டுப் பொறுப்பு தவறுகிறதா? வீட்டில் சண்டை வந்தும் நிறுத்த முடியவில்லையா? முன்பு பிடித்திருந்த கிரிக்கெட்டும் ஜிம்மும் நின்றுவிட்டனவா? போதையில் பைக் ஓட்டுகிறாரா? உடம்பையோ மனதையோ கெடுக்கிறது என்று தெரிந்தும் தொடர்கிறாரா? அதே போதைக்கு முன்பைவிட அதிகம் தேவைப்படுகிறதா? நிறுத்தினால் எரிச்சல், தூக்கமின்மை வருகிறதா?

ஒரே வருடத்துக்குள் இவற்றில் இரண்டு இருந்தாலே டாக்டர் பார்க்க வேண்டிய விஷயம். ஆறோ அதற்கு மேலோ இருந்தால் தீவிரம். தம்பி தானே எண்ணிப் பார்த்து "ஏழு" என்றான். நான் ஒன்பது என்று நினைத்திருந்தேன். அதற்காக ஒரு சண்டை போட்டோம், அது வீண்.

யூரின் டெஸ்ட் கிட் பற்றிப் பலர் கேட்கிறார்கள். கஞ்சாவின் போதைப்பொருள் உடலின் கொழுப்பில் தங்கும். எப்போதாவது அடிப்பவருக்கு மூன்று நாள் வரை சிறுநீரில் தெரியும், தினமும் அடித்தவருக்கு ஒரு மாதம் வரைகூடத் தெரியலாம். எனவே அவர் இரண்டு வாரத்துக்கு முன்பே விட்டிருந்தாலும் கிட்டில் கோடு விழும். விட்டவனை "இன்னும் அடிக்கிறான்" என்று திட்டுவதில்தான் அது முடியும். டெஸ்ட் வேண்டுமா என்பதை டாக்டரிடம் விட்டுவிடுங்கள்.

பேசுவது

போதையில் இருக்கும்போது பேசக்கூடாது. அப்பா முன்னால், சொந்தக்காரர் வந்திருக்கும்போது, பையைக் கொட்டி சோதனை போட்ட கையோடு பேசக்கூடாது. நான் இந்த மூன்றையும் செய்திருக்கிறேன். மூன்று தடவையும் அவன் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

நான்காவது தடவை, காலை டீ போட்டுக்கொண்டிருந்தபோது, "தம்பி, ராத்திரி தூக்கம் வருதாடா உனக்கு?" என்று மட்டும் கேட்டேன். கஞ்சா என்ற வார்த்தையே எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அடிக்கலன்னா வர மாட்டேங்குதுக்கா" என்றான். பத்திரிகை ஓரம் நறுக்கப்பட்டதிலிருந்து அவன் என்னிடம் சொன்ன முதல் உண்மை அது. "தூக்கத்துக்கு ஒரு டாக்டரைப் பார்ப்போமா?" என்றேன். சரி என்றான். 'போதை மறுவாழ்வு மையம்' என்று சொல்லியிருந்தால் அந்தச் சரி வந்திருக்காது.

தூக்கம், பசி, படபடப்பு, பணம் என அவருக்கே தொந்தரவாக இருக்கும் ஒன்றைப் பிடித்துப் பேசுங்கள். உங்களுக்கு எது தொந்தரவு என்பதை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் பொடி என்று விளம்பரம் வரும், அந்தப் பக்கமே போகாதீர்கள். அதில் என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியுமா என்பது சந்தேகம். தெரியவந்தால் அவர் உங்கள் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார். கோவிலில் கயிறு கட்டுவது உங்கள் நம்பிக்கை. கட்டிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கும் போங்கள்.

போலீஸ் பயம்

எங்களை மூன்று மாதம் வீட்டிலேயே உட்காரவைத்தது இதுதான். ஆஸ்பத்திரியில் கஞ்சா என்று சொன்னால் போலீசுக்குச் சொல்லிவிடுவார்களோ? கேஸ் போட்டால் பாஸ்போர்ட், வேலை எல்லாம் என்னாவது?

முதலில், சிகிச்சைக்கு வந்தவர் சொல்வதை ரகசியமாக வைக்க வேண்டியது மருத்துவரின் கடமை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் அதை நோயாளியின் உரிமையாகவே எழுதிவைத்திருக்கிறது. போதைப் பழக்கத்தோடு சேர்ந்த மனநிலைப் பாதிப்பும் அந்தச் சட்டத்துக்குள் வருகிறது.

இரண்டாவது, 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம். எல்லோரும் பயப்படும் என்.டி.பி.எஸ். சட்டம்தான். அதிலேயே 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. பயன்படுத்தியதற்காகவோ சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்குக்குள்ளான அடிமை ஒருவர், அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த இடத்தில் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்தால், அந்தக் குற்றத்துக்காக அவர்மேல் வழக்கு நடத்தக் கூடாது என்கிறது அது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பை நீக்கிவிடவும் முடியும். கஞ்சாவில் சிறு அளவு என்பது ஒரு கிலோ வரை. விற்றவருக்கு இந்தப் பிரிவு கைகொடுக்கும் என்று நம்பிவிட வேண்டாம். ஏற்கெனவே வழக்கு இருந்தால் வக்கீலிடம் இந்தப் பிரிவைச் சொல்லிக் கேளுங்கள். வக்கீல் பீஸ் கட்ட முடியாதவர்களுக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும்.

எங்கே போவது

போவதற்கு முன் ஒரு போன் போட்டுப் பேசிப் பார்க்க வேண்டுமென்றால் 14446, போதை மீட்புக்கான தேசிய இலவச எண். மனநல ஆலோசனைக்கு 14416, டெலி மானஸ். தமிழிலும் பேசலாம். தமிழ்நாட்டில் 104-உம் உண்டு. பெயர் சொல்லாமலே பேச ஆரம்பிக்கலாம்.

நேரில் போவதற்கு நான் சொல்வது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு. அது தூரம் என்றால் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநல மருத்துவர் இருப்பார். மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் தாலுகா மருத்துவமனைகளுக்கும் குறிப்பிட்ட நாள்களில் மருத்துவர் வருவார், எந்தக் கிழமை என்று விசாரித்துக்கொண்டு போங்கள். சில அரசு மருத்துவமனைகளில் 'கலங்கரை' என்ற பெயரில் போதை மீட்புக்கென்றே மையங்கள் இருக்கின்றன. சென்னையில் இருப்பவர்களுக்குக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை இருக்கிறது. "கீழ்ப்பாக்கமா!" என்று முகம் சுளிக்காதீர்கள். சினிமா செய்த அநியாயம் அது. தனியார் பக்கம் போவதானால், சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கிய டி.டி.ஆர். அறக்கட்டளையின் மருத்துவமனை சென்னை இந்திரா நகரில் இருக்கிறது. குடிக்கு மட்டுமான இடம் என்று பலர் நினைக்கிறார்கள், மற்ற போதைகளுக்கும் பார்க்கிறார்கள். ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் இருப்பவர்களுக்குப் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை கிட்டத்தில்தான்.

ஓ.பி. எப்படி இருக்கும் என்று தெரியாததுதான் பாதிப் பயம், அதனால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். காலை ஏழரைக்கே போய்விடுங்கள். ஆதார், பழைய மருந்துச் சீட்டு இருந்தால் அது, தண்ணீர் பாட்டில், சாப்பிட ஏதாவது. சீட்டுப் போடும் இடத்தில் "மனநலப் பிரிவு" என்றால் போதும், எதற்கு என்று அங்கே விளக்க வேண்டியதில்லை. வரிசையில் நிற்கும்போது தம்பி தொப்பியை மூக்கு வரை இழுத்துவிட்டிருந்தான். எங்களுக்கு முன்னால் பள்ளிச் சீருடையில் ஒரு பெண், பின்னால் வேட்டி கட்டிய ஒரு தாத்தா. யாரும் யாரையும் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் தொப்பி மடிக்கு வந்துவிட்டது.

டாக்டர் அம்மா முதலில் செய்த காரியம் என்னை வெளியே அனுப்பியது. "நீங்க கொஞ்சம் வெளிய இருங்கம்மா, தம்பிகிட்ட பேசிட்டுக் கூப்பிடுறேன்." எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அதுதான் சரி. எப்போது தொடங்கியது, ஒரு நாளைக்கு எத்தனை தடவை, கடைசியாக எப்போது, புகையிலை கலந்தா, குடி உண்டா, மாத்திரை, ஊசி உண்டா, சாக வேண்டும் என்று எப்போதாவது தோன்றியதா, யாரோ பேசுவதுபோல் காதில் கேட்டதா என்று கேட்பார்கள். அக்கா முன்னால் எவனும் இதற்கு உண்மை சொல்ல மாட்டான். குறிப்பாக மாத்திரை விஷயத்தை மறைக்கவே கூடாது. வலி மாத்திரையைப் போதைக்கு எடுக்கும் பழக்கம் இருந்தால் சிகிச்சையே வேறு மாதிரி போகும்.

முதல் நாள் பத்து நிமிடம்தான் கிடைக்கும். "இவ்வளவு நேரம் காத்திருந்தது இதற்கா" என்று தோன்றும். கவுன்சலிங்குக்கு எந்த நாள், எந்த அறை, யாரிடம் என்று சீட்டின் பின்னால் எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள். அதுதான் முதல் நாளின் பலன்.

என்ன சிகிச்சை

கஞ்சாவை மறக்கடிக்கும் மாத்திரை என்று ஒன்று இல்லை. யாராவது இருக்கிறது என்று விற்றால் எழுந்து வந்துவிடுங்கள். தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் கொஞ்ச நாளைக்கு மருந்து கொடுப்பார்கள். முக்கியமான சிகிச்சை பேச்சுதான். ஏன் விட வேண்டும் என்பதை அவர் வாயாலேயே வரவழைப்பது ஒன்று. எந்த நேரம், எந்த இடம், எந்த ஆள், எந்த மனநிலையில் அடிக்கத் தோன்றுகிறது என்று பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் மாற்று யோசிப்பது இன்னொன்று. தம்பியின் பட்டியலில் முதலில் இருந்தது சனிக்கிழமை சாயங்காலம். இரண்டாவது, அப்பாவின் செருமல்! அப்பாவுக்கும் ஒரு நாள் கவுன்சலிங் நடந்தது.

பெரும்பாலோருக்குப் படுக்கையில் சேர்க்கத் தேவையில்லை, வீட்டிலிருந்தே வந்து போகலாம். மனநோய் அறிகுறி இருந்தால், தற்கொலை எண்ணம் இருந்தால், குடியோ மாத்திரையோ சேர்ந்திருந்தால் சேர்க்கச் சொல்வார்கள். தினமும் குடிப்பவர் வீட்டிலேயே சட்டென்று குடியை நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஒரு எச்சரிக்கை. பதற்றத்தில் நான் ஒரு தனியார் மறுவாழ்வு இல்லத்துக்குப் போன் செய்தேன். "அட்ரஸ் மட்டும் சொல்லுங்க மேடம், நாலு பேர் வந்து ராத்திரியே தூக்கிட்டு வந்துடுறோம், மூணு மாசம் பாக்க வர வேண்டாம்" என்றார் அந்த முனையில் இருந்தவர். உண்மையைச் சொன்னால் அன்றைக்கு அது எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. முன்பணம் எவ்வளவு என்று கேட்கும்போதுதான் உறைத்தது. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஓர் இல்லம் தீப்பிடித்தபோது 28 பேர் செத்தார்கள், சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல். இன்றைக்குச் சட்டப்படி யாரையும் எந்த வகையிலும் சங்கிலியில் கட்டக் கூடாது. ஓர் இல்லத்தில் சேர்ப்பதற்கு முன் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்த சான்று கேளுங்கள். மனநல மருத்துவர் யார், எந்தெந்த நாள் வருகிறார் என்று கேளுங்கள். உள்ளே போய்ப் படுக்கும் இடத்தையும் கழிப்பறையையும் பாருங்கள். பார்க்க வரக் கூடாது என்று சொல்லும் இடம் வேண்டாம்.

முதல் மூன்று வாரம்

நிறுத்திய ஒன்றிரண்டு நாளில் ஆரம்பிக்கும். முதல் வாரம்தான் உச்சம். எரிச்சல், கோபம், படபடப்பு, சாப்பாடு இறங்காது, வியர்வை, தலைவலி, தூக்கமே வராது. வந்தால் கனவு, அதுவும் சினிமா மாதிரி வண்ணத்தில். கஞ்சா அடிக்கும் காலத்தில் கனவு அமுங்கிக் கிடக்கும், நிறுத்தியதும் மொத்தமாகப் பொங்கும். ஐந்தாவது ராத்திரி தம்பி எழுந்து கூடத்து விளக்கையெல்லாம் போட்டுவிட்டு, "அக்கா, செத்துப்போன தாத்தா வந்து பரோட்டா கேட்டார்" என்றான். அவனுக்குச் சிரிப்பும் பயமும் சேர்ந்து வந்தது. இரண்டு மூன்று வாரத்தில் மற்றதெல்லாம் அடங்கிவிடும். தூக்கம் மட்டும் ஒரு மாதத்துக்கு மேலும் இழுக்கலாம்.

இந்தக் காலத்துக் கோபத்தைத் திமிர் என்று எடுத்துக்கொண்டால் தொலைந்தோம். தட்டைத் தள்ளினான் என்றால் தட்டை எடுத்து வைத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்து மோர் கொடுங்கள். மூன்று வேளைச் சோறு இறங்காது. கஞ்சி, இட்லி, வாழைப்பழம் என்று கொஞ்சம் கொஞ்சமாகப் போகட்டும். மத்தியானத்துக்கு மேல் டீ, காபி வேண்டாம். சாயங்காலம் ஒரு நடை, ராத்திரி குளியல். காலையில் எத்தனை மணிக்குத் தூங்கியிருந்தாலும் ஒரே நேரத்தில் எழுப்புங்கள்.

நம் ஊரில் பெரும்பாலும் புகையிலை கலந்துதான் சுருட்டுகிறார்கள். ஆகவே கஞ்சாவை விடும்போது நிகோடினும் சேர்ந்து நிற்கிறது, பாதி எரிச்சல் அதனுடையது. சிலர் கஞ்சாவை விட்டுவிட்டு ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் சிகரெட்டுக்குப் போய்விடுவார்கள். நிகோடின் சூயிங்கம் போன்ற வழிகள் இருக்கின்றன, டாக்டரிடம் கேளுங்கள். தூக்க மாத்திரையைத் தெரிந்த மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். ஒன்றை விட்டு இன்னொன்றில் மாட்டிக்கொண்டவர்களை அந்த ஓ.பி. வரிசையிலேயே பார்த்தேன்.

காத்திருக்கக் கூடாத சில

பக்கத்து வீட்டுக்காரர் கேமரா வைத்துப் பார்க்கிறார், சாப்பாட்டில் ஏதோ கலந்திருக்கிறார்கள் என்று சந்தேகம். யாரோ பேசும் குரல். நாள் கணக்கில் தூங்காமல் சம்பந்தமில்லாத பேச்சு. இது பேய் பிடித்தது இல்லை. கஞ்சா சிலருக்கு மனச்சிதைவு போன்ற நிலையைக் கிளப்பிவிடும். குடும்பத்தில் யாருக்காவது மனநோய் இருந்தால் ஆபத்து கூடுதல். அடுத்த ஓ.பி. நாள் வரை காத்திருக்காமல் அன்றே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். சாகப் போகிறேன் என்று சொன்னாலும் அப்படித்தான். தனியாக விடாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

இன்னொன்று அதிகம் பேருக்குத் தெரியாது. பல வருடம் அடித்தவர்களில் சிலருக்கு விடாத வாந்தி வரும், வெந்நீரில் குளித்தால் மட்டும் அடங்கும். வயிற்று டாக்டர், ஸ்கேன் என்று சுற்றிக்கொண்டிருப்பார்கள். அப்படி இருந்தால் கஞ்சா விஷயத்தை அந்த டாக்டரிடமும் சொல்லுங்கள்.

மறுபடி அடித்துவிட்டால்

அடிப்பார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தம்பி நாற்பத்தோராம் நாள் அடித்தான், ஒரு நண்பனின் பிறந்தநாளுக்கு. தானாக வந்து சொன்னான் என்பதுதான் முன்னேற்றம், அது எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. கண்டபடி கத்தினேன்.

கவுன்சிலர் அடுத்த முறை கேட்டது ஒன்றுதான்: "அடிக்கிறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் என்ன நடந்துச்சு, தம்பி?" பிறந்தநாளுக்குப் போக வேண்டாம் என்று நினைத்திருக்கிறான். பொருள் விற்பவனின் எண்ணை அழித்திருக்கிறான், ஆனால் ஜிபேயில் பழைய பரிமாற்றம் அப்படியே இருந்திருக்கிறது. அங்கிருந்து எடுத்துவிட்டான். அதற்கப்புறம் சிம்மை மாற்றினோம். சம்பளம் வரும் கணக்கிலிருந்து போனில் பணம் போகாதபடி அவனே எடுத்துவிட்டான், கைச்செலவுக்கு வாரம் ஐந்நூறு ரூபாய் ரொக்கம். நான் பிடுங்கி வைத்துக்கொண்டிருந்தால் இது ஒரு வாரம்கூட நின்றிருக்காது.

எனவே மறுபடி அடித்தது தெரிந்தால், அன்றைக்கு ஒன்றும் பேசாமல் மறுநாள் காலை அதே ஓ.பி.க்குக் கூட்டிக்கொண்டு போங்கள். சொன்ன தேதியில் வராததற்குத் திட்டுவார்களோ என்று தயங்க வேண்டாம். பழைய சீட்டு தொலைந்துபோயிருந்தாலும் புதிதாகப் போட்டுக் கொடுப்பார்கள்.